எண்ணூறு அடி

கொடியில் காய்ந்த வேட்டி மூச்சு விடுவதை வெண்ணிலா பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு.

அன்றைக்குக் காற்றே இல்லை. வேலியோரத்து வேம்பில் இலை அசையவில்லை, பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து நாளெல்லாம் வீசும் எருவாடைகூட வாசலோடு நின்றுவிட்டிருந்தது, ராசிபுரம் ரோட்டில் லாரிகள் கிளப்பிய புழுதி எழுந்த இடத்திலேயே இறங்கியது. கொடியில் நான்கு துணிகள். மூன்று அசையாமல் தொங்கின. நான்காவது அவள் கணவன் மதியழகனின் வேட்டி. கட்டுவதற்கு ஆள் இல்லாமல் போய் நாற்பது நாளாகியும் அவள் வாரம் தவறாமல் துவைத்துப்போடும் அந்த வேட்டி, கீழ்விளிம்பில் மெல்ல உப்பி முன்னால் வந்தது, கொஞ்சம் நின்றது, பிறகு வந்த வழியே உள்ளே இழுபட்டது. கையில் பிழிந்த துண்டோடு அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தன்னை அறியாமல் எண்ணிக்கொண்டும் இருந்தாள். பதினொன்று எண்ணியபோது அது மறுபடி உப்பியது.

வேட்டிக்கு நேர் கீழே போர்க் கிணறு இருந்தது.

அந்தப் போரைப் போட்டவனே மதியழகன்தான். இருபது வருஷம் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போய், அடுத்தவர் காட்டிலெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்த மகராசன், சொந்த வாசலில் ஆயிரத்து நூறு அடி இறக்கிவிட்டு, ஒரு சொட்டு ஈரம் பார்க்காமல், தலையெல்லாம் வெள்ளைப் புழுதியோடு வீட்டுக்குள் வந்தான். கூட வேலை செய்தவர்கள் ஒரு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு போரின் வாயில் ஓர் இரும்பு மூடியைப் போட்டு அதன் ஓரத்தில் கல்லை ஏற்றி வைத்தான். மூடியின் நடுவில் போல்ட் கழன்ற ஓட்டை ஒன்று உண்டு. சுண்டுவிரல் நுழையும்.

"காஞ்ச போரு மூச்சு உடும் புள்ள," என்று அப்போதே சொல்லியிருந்தான். "பொழுதேற ஒருக்கா, பொழுதெறங்க ஒருக்கா. உள்ள இருக்கற காத்து வெளிய வரும், வெளிய இருக்கறது உள்ள போவும். சத்தம் கேட்டா பயந்துக்காத."

வெண்ணிலா அதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். காய்ந்த போர், வெயில், காற்று. ஆனால் இது நாளுக்கு இருமுறை விடும் மூச்சு இல்லை. பதினொன்று எண்ணினால் ஒன்று. அடுத்தது பதினான்கில். இந்த இடைவெளிகளை அவள் ஏற்கெனவே ஒரு தடவை எண்ணியிருக்கிறாள். துண்டை அப்படியே தரையில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மதியழகனுக்கு முதுகெலும்பில் புற்று. சேலத்து ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ள ரஞ்சிதா என்ற நர்ஸ் வெள்ளிக்கிழமைதோறும் ஸ்கூட்டியில் வருவாள். கெங்கவல்லிக்காரி; அவள் பேச்சில் இந்தப் பக்கத்து 'ங்க' கொஞ்சம் குறைவாகவே இருக்கும், ஆனால் கை அத்தனை இதமான கை. வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்று முதல் நாள் கேட்டாள்.

"பத்துக்குள்ள எனக்குக் கணக்கு வராதுங் சிஸ்டர்," என்றான் மதியழகன். "அடிக்கணக்குல சொல்றேன். இன்னைக்கு முன்னூறு அடி எறங்கியிருக்குது."

ரஞ்சிதா சிரித்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் வலிக்கு அளவு அடிதான். காலையில் காப்பியோடு வெண்ணிலா கேட்பாள், "எத்தன அடிங் மாமா?" அவன் சொல்லும் அடியையும் கொடுத்த மாத்திரையையும் சுவர்க் காலண்டரின் கட்டத்தில் எழுதுவாள். முன்னூறு அடிக்கு ஒன்று. மாதம் போகப் போக ஐந்நூறு அடிக்கு இரண்டு. தையில் எண்ணூறு அடி வந்தபோது நான்கு. ஒரே மாத்திரை ஒரு மாதம் கேட்டது, அடுத்த மாதம் கேட்கவில்லை. புருஷன் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டான் என்று சொந்தக்காரர்கள் அவன் காதுபடவே பேசினார்கள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ரஞ்சிதாதான் கட்டிலோரம் உட்கார்ந்து விளக்கினாள். "மூளையிலயும் தண்டுவடத்துலயும் இந்த மருந்து போய் உக்காரறதுக்குன்னே சின்னச் சின்ன இடம் இருக்கு அண்ணா. மருந்து அதுல உக்காந்துட்டா வலி மேல போய்ச் சேராது. நாளாக ஆக அந்த இடமெல்லாம் மரத்துப்போகும், கொஞ்சம் உள்ளயும் இழுத்துக்கும். அதே வேலையைச் செய்ய மருந்து கூடத்தான் வேணும். ஒடம்பு பழகறது இது. குடிகாரன் கேக்கறது வேற. நீங்க வெக்கப்படாதீங்க."

பிறகு சேலத்தில் முதுகுக்குப் பத்து நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதிசயம்போல வலி குறைந்து, ஆழத்திலிருந்து மேலே வந்துவிட்டது. ஐந்நூறு, இருநூறு, நாற்பது அடி. ரஞ்சிதா வாரா வாரம் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் சின்ன மாத்திரைக்குக் கொண்டுவந்தாள். மதியழகன் எழுந்து உட்கார்ந்தான். இரண்டு முட்டை கேட்டு வாங்கித் தின்றான். கட்டிலில் உட்கார்ந்தபடியே வெண்ணிலாவின் தலையைப் பிடித்து இழுத்து முத்தம் வைத்தான். அந்த இரண்டு மாதம் அவள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான இரண்டு மாதம். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"மிச்சம் இருக்கற பெரிய மாத்திரையைக் குடுத்துடுங்கக்கா, நான் கொண்டுபோய் ஒப்படைச்சிடறேன்," என்றாள் ரஞ்சிதா. "இப்ப அந்த இடமெல்லாம் பழையபடி முழிச்சுக்கிட்டிருக்கும். அதே இடங்கதான் மூச்சையும் பாத்துக்குது. திரும்ப வலி வந்துச்சுன்னா பழைய அளவை எடுத்துக் குடுத்துடாதீங்க. மூச்சை அமுக்கிடும்."

"எனக்குப் புரியுதுங் சிஸ்டர்," என்றான் மதியழகன். "நிறுத்தி வெச்ச போர்ல மறுக்கா எறக்கறாப்லதான். உள்ளாற மண்ணு சரிஞ்சு கெடக்கும். பழைய ஆழத்துக்கு ஒரே எறக்கா உட்டா ராடு முறிஞ்சுபோவும். மேல இருந்துதான் தொடங்கோணும்."

வெண்ணிலா அடுப்படியிலிருந்து அதைக் கேட்டாள். நன்றாகவே கேட்டாள். கேட்டுவிட்டு, "எல்லாம் தீந்துபோச்சுங் சிஸ்டர்," என்று பொய் சொன்னாள். ரிக் வண்டிக்காரன் வீட்டில் எதையும் வீசமாட்டார்கள். பல் தேய்ந்த துளைப்பிட்டைக்கூட என்றைக்காவது உதவும் என்று எண்ணெய் தடவி எடுத்து வைப்பார்கள். அவனுடைய பழைய பிட்டுகள் கிடக்கும் தகர டப்பாவின் அடியில் அவள் இரண்டு அட்டை மாத்திரையைச் சுருட்டி வைத்தாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவன் கத்துவதை மறுபடி ஒருமுறை கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை பகலில், இருந்திருந்தாற்போல் அவன் முதுகில் ஏதோ நொறுங்கியது. அவன் போட்ட சத்தத்தில் கோழிப்பண்ணைக் கோழிகளெல்லாம் ஒரு கணம் அடங்கின. ரஞ்சிதாவுக்குப் போன் போட்டாள். சின்ன மாத்திரையில் ஒன்று கொடுக்கச் சொல்லிவிட்டு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு உடனே கிளம்பி வருவதாக ரஞ்சிதா சொன்னாள். வெண்ணிலா கொடுத்தாள். அரை மணி ஆயிற்று. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாக நொறுங்கிக் கட்டிலடியில் விழுந்தன.

"எத்தன அடிங் மாமா? சொல்லுங் மாமா."

"எண்ணூறு புள்ள. எண்ணூறு."

அவள் காலண்டரைப் பார்த்தாள். தை மாதக் கட்டத்தில் அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: எண்ணூறு அடி, நான்கு. தகர டப்பாவைத் திறந்து நான்கு கொடுத்தாள்.

ஒரு மணி நேரத்தில் அவன் பிடி தளர்ந்தது. முகம் கல்யாணப் போட்டோவில் இருப்பதுபோல ஆகிவிட்டது. "ரிக்கு கம்ப்ரசர ஆஃப் பண்ணிட்டாங்க புள்ள," என்றான். "எவ்வளவு அமைதி பாரு." அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. பிறகு குறட்டை. வழியிலிருந்து ரஞ்சிதா போன் பண்ணினாள். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டாள். நீங்கள் சொன்னதுதான் என்றாள் வெண்ணிலா. மூச்சு எப்படி இருக்கிறது என்று ரஞ்சிதா கேட்டாள். "நல்லாக் கொறட்டை உட்டுத் தூங்கறாருங்," என்றாள் வெண்ணிலா, சந்தோஷமாக. அவன் பக்கத்தில் தலையை வைத்துக்கொண்டு, இரண்டு குறட்டைகளுக்கு நடுவே எண்ணினாள். பதினொன்று. பதினான்கு. இருபது. எண்ணிக்கொண்டே அவளும் தூங்கிப்போனாள். கத்தல் ஓய்ந்த பிறகு வந்த நல்ல தூக்கம். கேட்டில் ஸ்கூட்டி சத்தம் கேட்டு விழித்தபோது அவன் கை சில்லிட்டிருந்தது.

நோய் கொண்டுபோய்விட்டது என்று ஊர் சொன்னது. ரஞ்சிதாவும் ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது நாளாக உண்மை தெரிந்தவள் வெண்ணிலா ஒருத்தி மட்டும்தான். அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் மிச்சம். அவன் வலியில்லாமல் போனான். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சோறு தின்றாள்.

செவ்வாய் போய்ப் புதன்கிழமை, அதே உச்சிப்பொழுதில், முனகல் கேட்டது.

முதலில் பண்ணையில் மோட்டார் ஓடுகிறது என்று நினைத்தாள். பாத்திரத்தைத் தேய்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டாள். மூச்சு இழுக்கும்போது ஒன்றும் இல்லை. விடும்போது அடித்தொண்டையில் ஒரு இழுவை, யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறவனின் இழுவை. விருந்தாளி யாராவது வந்திருக்கும்போது மதியழகன் அப்படித்தான் முனகுவான். வாசலுக்கு வந்தாள். மூடியின் ஓட்டையிலிருந்து வந்த காற்று கணுக்காலில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. அவன் முதுகில் அவள் தேய்த்துவிட்ட தைலத்தின் வாசனை அதில் இருந்தது.

"மாமா?"

முனகல் நின்றது. யாரோ கீழே கவனிப்பதுபோல.

பிறகு, வெகு ஆழத்திலிருந்து, புழுதி அடைத்த குரலில்: "முன்னூறு."

அவள் உள்ளே ஓடி, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. பயந்தது நிஜம். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. வலி போகவில்லை. வலியை நிறுத்துகிறேன் என்று அவள் மூச்சை நிறுத்தினாள், மூச்சு நின்றும் வலி நிற்கவில்லை. அவன் அதைத் தூக்கிக்கொண்டே போயிருக்கிறான்.

மறுநாள் பகலில் தகர டப்பாவைத் திறந்தாள். அட்டைகளில் பதினொரு மாத்திரை மிச்சம் இருந்தது. ஒன்றைப் பிரித்து, போரின் மேல் குனிந்து, ஓட்டை வழியாக விட்டாள். இரும்புக் குழாயில் மாத்திரை இடிபட்டுப் போகும் சத்தம் கேட்டது. டிக். டிக். அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

முனகல் அடங்கியது. வேட்டி அசையாமல் தொங்கியது. அவள் போர் மூடியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். இத்தனை நாளில் அழுத அழுகையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. "தூங்குங் மாமா," என்றாள். "தூங்குங்."

மூன்று நாள் தூங்கினான்.

நான்காம் நாள் ஐந்நூறு என்றான். ஒன்று போட்டாள். கேட்கவில்லை. இன்னொன்று போட்டாள். அடங்கியது, ஆனால் ஒரு நாளைக்குத்தான். அடுத்த தடவை மூன்று போட வேண்டியிருந்தது. அது அன்று சாயங்காலம் வரைக்குமே தாங்கவில்லை. பக்கத்துவீட்டு அங்கம்மாள் மோர் கொண்டுவந்தவள், வாசலில் நின்று மூக்கைச் சுருக்கி, "ஏனுங் வெண்ணிலா, தைல வாசம் இன்னும் போவலயே," என்றாள். வெண்ணிலா மோரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். டப்பாவில் ஐந்து இருந்தது. மறுநாள் விடிந்ததும் ஐந்தும் போய்விட்டது.

இப்போது எண்ணூறு. மாத்திரையே போடாமல் இருந்திருந்தால் முன்னூறிலேயே நின்றிருக்குமோ? ரஞ்சிதா சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பழகும். மரத்துப்போகும். கூடக் கேட்கும். திடீரென்று நிறுத்தினால் முன்பு இருந்ததைவிட மோசமாகும். செத்தவனை அவளே மறுபடியும் பழக்கிவிட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பகலில் ரஞ்சிதா வந்தாள். வீட்டில் ஆள் போய் ஐம்பது நாளானால் துக்கம் விசாரிக்க ஒருதரம் வருவது அவள் வழக்கம். வெண்ணிலாவின் கண்ணைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிடறீங்களாக்கா?"

"சிஸ்டர், ஒரு அட்டை குடுங். ஒண்ணே ஒண்ணு."

"என்ன அட்டை?"

"பெரிய மாத்திரைங். அவருக்கு."

ரஞ்சிதா ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். பிறகு அவளைக் கட்டிலில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். "அக்கா, வலிங்கறது மூளை சொல்லிக் குடுக்கறது. மூளை நின்னா வலியும் நின்னுடும். அண்ணனுக்கு இப்ப ஒண்ணுமே வலிக்கலை. நான் சத்தியமா சொல்றேன்."

"அந்த எடமெல்லாம்? மருந்து போய் உக்காருமே, அந்த எடம்?"

"அதெல்லாம் எரிச்ச அன்னைக்கே போச்சுக்கா."

"அப்ப வலி எங்க போவும் சிஸ்டர்?" என்றாள் வெண்ணிலா. "உக்கார எடமில்லாத வலி எங்க போவும்?"

ரஞ்சிதா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நாளைக்கே சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போவதாகவும், துணைக்கு இரவு அங்கம்மாளைப் படுக்கச் சொல்வதாகவும் சொன்னாள். போகும்போது வாசலில் ஒரு கணம் நின்றாள். வேட்டி உப்பி முன்னால் வந்து அவள் தோளைத் தொட்டது. "நல்லா காத்தடிக்குது," என்றாள். வேம்பை நிமிர்ந்து பார்த்தாள். ஓர் இலைகூட அசையவில்லை. அப்புறம் ஹெல்மெட்டைக்கூட மாட்டிக்கொள்ளாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்கூட்டி சத்தம் ரோட்டில் கரைந்தது. உடனே முனகல் தொடங்கியது. இனி விருந்தாளி இல்லை. அடக்க வேண்டியதில்லை. கோழிப்பண்ணை முழுக்க அமைதியானது.

வெண்ணிலா போய்க் கல்லைத் தள்ளினாள். மூடியைப் பிடித்துத் தூக்கினாள். துரு கையைக் கிழித்தது. ஒரு சாண் அகலத்துக்கு இருட்டு. வெயில் நேர் மேலே நின்றும் கையளவு தூரத்துக்குமேல் உள்ளே இறங்கவில்லை. தரையில் கவிழ்ந்து படுத்து வாயைக் குழாயருகே கொண்டுபோனாள்.

"மாமா. மாத்திரை இல்லீங்."

முனகல்.

"நாந்தான் மாமா. அன்னைக்கு நாலு குடுத்தது நாந்தான். மேல இருந்து தொடங்கோணும்னு நீங்க சொன்னீங்க, எனக்குக் கேட்டுது. கேட்டுட்டுத்தான் குடுத்தேன். நீங்க கத்துனத என்னால தாங்க முடியலீங். நீங்க தாங்குனீங்க, நான் தாங்கல."

ஐம்பது நாளாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள். கீழே அமைதி. மூச்சு மட்டும். பதினொன்று. பதினான்கு.

கொடுக்க வேறு எதுவும் இல்லை. மாத்திரை கேட்காத நேரங்களில் அவள் கொடுத்தது ஒன்றுதான். வலது கையைக் குழாய்க்குள் விட்டாள். முழங்கை வரை. தோள் வரை. கன்னம் சுடுமண்ணில் அழுந்தியது. விரல்களை விரித்துக் காத்திருந்தாள்.

இரும்பு. வெதுவெதுப்பு. புழுதி.

பிறகு விரல்கள்.

தெரிந்த விரல்கள். ராடு இடித்து நகம் போன கட்டைவிரல். அவை அவள் உள்ளங்கையைத் தடவி, மணிக்கட்டைத் தேடி, பிடித்தன. பிடி இறுகியது. வளையல் உடையும் சத்தம் கேட்டது. பதினாறாம் நாளிலிருந்து வளையல் இல்லாத கை, வெறும் கை. ஆனாலும் உடைந்தது. ஒவ்வொன்றாக. துண்டுகள் குழாயில் இடிபட்டுக்கொண்டே போயின. டிக். டிக். டிக்.

அவள் கையை இழுக்கவில்லை.

"எத்தன அடிங் மாமா?"

குரல் இப்போது பக்கத்தில் இருந்தது. மிகப் பக்கத்தில்.

"தெரியல புள்ள. ராடெல்லாம் தீந்துபோச்சு. இன்னும் எறங்குது."

தலைக்கு மேலே கொடியில் வேட்டி உள்ளே இழுபட்டது. போரின் பக்கமாகச் சாய்ந்து, விறைத்து, அப்படியே நின்றது. திரும்பவில்லை. பிடி இன்னும் இறுகியது. வெண்ணிலா கண்ணை மூடிக்கொண்டு அடுத்த மூச்சுக்காக எண்ணத் தொடங்கினாள்.

பதினொன்று.

பதினான்கு.

இருபது.

நாற்பது.